ஆடுவோரும் காண்போரும்: நிண்டெண்டோ – டிஸ்னி ஒப்பீட்டின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவைக் ‘காணொளி விளையாட்டுலகின் டிஸ்னி’ என்று குறிப்பிடும் வழக்கு வணிக இதழ்களிலும் பண்பாட்டுத் திறனாய்விலும் நிலைபெற்றுள்ளது. குழந்தைகளும் பெரியவர்களும் ஒருங்கே விரும்பும் பாத்திரங்கள், குடும்பம் சார்ந்த வணிக அடையாளம், உரிமைகளைக் காப்பதில் காட்டும் கடுமை ஆகியன இவ்வொப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன. டிஸ்னியின் பாத்திரம் காண்போருக்காகப் பிறந்தது. நிண்டெண்டோவின் பாத்திரம் ஆடுவோரின் செயலில் பிறந்தது. இவ்வேறுபாட்டை மறைப்பதே இவ்வொப்பீட்டின் குறை என இக்கட்டுரை வாதிடுகிறது. இரு நிறுவனங்களின் வளர்ச்சி முறை, ஊடகம் கடந்த விரிவு, பழைய படைப்புகளின் நிலைபேறு ஆகிய மூன்றும் இவ்வேறுபாட்டின் வழியே விளக்கம் பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: நிண்டெண்டோ, டிஸ்னி, காணொளி விளையாட்டு, பாத்திரப் படைப்பு, ஆடுவோர், பண்பாட்டுத் தொழில், ஆவணக் காப்பு.

முன்னுரை

ஒன்றைப் பிறிதொன்றால் விளக்குவது அறிவின் இயல்பு. புதிதாகத் தோன்றிய கலைவடிவம் ஒன்றுக்கு, முன்பே மதிப்புப் பெற்ற வடிவத்தின் பெயரைச் சூட்டும்போது அது எளிதில் விளங்கிவிடுகிறது. காணொளி விளையாட்டு அறிவார்ந்த கவனத்தைப் பெறாத காலத்தில் நிண்டெண்டோவை டிஸ்னியோடு இணைத்துப் பேசியது அந்நிறுவனத்துக்கு ஒரு மதிப்பைத் தந்தது. அம்மதிப்பைப் பெற்ற பின்னரும் ஒப்பீடு அப்படியே தொடர்கிறது. திரைப்படங்களும் கேளிக்கைப் பூங்காக்களும் நிண்டெண்டோவின் வணிகத்தில் இடம்பெறத் தொடங்கிய 2020களில் அது முன்னினும் வலுப்பெற்றுள்ளது.

உவமைக்குப் பொதுத்தன்மை எவ்வளவு இன்றியமையாததோ, அதன் எல்லையை அறிவதும் அவ்வளவு இன்றியமையாதது. டச்சு அறிஞர் யோகன் ஹாய்சிங்கா 1938இலும் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கைய்வா 1958இலும் விளையாட்டைப் பண்பாட்டின் தனித்த செயற்பாடாக நிறுவினர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் உவகைக்குரிய நான்கு களங்களுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. விளையாட்டின் மகிழ்ச்சி காட்சியின் மகிழ்ச்சியிலிருந்து வேறாக எண்ணத்தக்கது என்னும் கருத்துக்கு இவை இடமளிக்கின்றன. இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு இரு நிறுவனங்களும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

தோற்றமும் முதல் உறவும்

நிண்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பட்டது. ‘ஹனஃபுடா’ என்னும் மலர்ச்சீட்டுகளைச் செய்து விற்பதே அதன் முதல் தொழில். வால்ட் டிஸ்னியும் அவருடைய அண்ணன் ராய் டிஸ்னியும் 1923இல் லாஸ் ஏஞ்சலிஸில் தம் அசைவூட்டப் பட நிறுவனத்தைத் தொடங்கினர். வயதில் மூத்தது நிண்டெண்டோவே. எனினும் இரண்டும் முதலில் சந்தித்தபோது கொடுக்கும் இடத்தில் டிஸ்னியும் பெறும் இடத்தில் நிண்டெண்டோவும் இருந்தன.

நிறுவனரின் கொள்ளுப்பேரனான ஹிரோஷி யமவுச்சி 1949இல் நிண்டெண்டோவின் தலைமையை ஏற்றார். அவருடைய காலத்தில், 1959ஆம் ஆண்டு, டிஸ்னி பாத்திரங்கள் அச்சிடப்பட்ட சீட்டுக்கட்டுகளை நிண்டெண்டோ வெளியிட்டது. குழந்தைகளுக்கான சீட்டுச் சந்தையை அவை திறந்துவிட்டன. சூதாட்டத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஒரு பொருள், மிக்கி மவுஸின் உருவத்தைத் தாங்கியதும் குடும்பங்களுக்குள் நுழையும் தகுதி பெற்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சீட்டின் முகப்பில் இருந்த உருவம் டிஸ்னியுடையது. அதை வைத்து ஆடப்பட்ட ஆட்டம் டிஸ்னியுடையது அன்று. உருவம் வாங்குவோரை ஈர்த்தது. விதி ஆடுவோரை ஈடுபடுத்தியது. இரு நிறுவனங்களின் பிற்கால வேறுபாடு இச்சீட்டுக்கட்டிலேயே சுருக்கமாகக் காணக்கிடக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான பிறிதொரு கூறும் உண்டு. இரு நிறுவனங்களின் தலைமைப் பாத்திரங்களும் பிறருடைய பாத்திரம் கைக்கு எட்டாத நிலையில் தோன்றியவை. டிஸ்னி 1927இல் உருவாக்கிய ‘ஆஸ்வால்ட்’ என்னும் முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தமையால், 1928இல் அவர் அதை இழந்தார். அவ்விழப்பின் பின்னர் அவரும் அப் ஐவர்க்ஸும் படைத்ததே மிக்கி மவுஸ். நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ ‘பாப்பாய்’ பாத்திரங்களைக் கொண்டு ஒரு விளையாட்டை அமைக்க எண்ணினார். அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு அமையவில்லை. அந்த இடத்தை நிரப்பவே 1981இல் ‘டாங்கி காங்’ விளையாட்டும், அதில் பின்னாளில் மரியோ எனப் பெயர்பெற்ற தச்சனும் தோன்றினர். உரிமை இல்லாமையின் வலியை இரு நிறுவனங்களும் தொடக்கத்திலேயே அறிந்திருந்தன என்பது, பின்னாளில் இரண்டும் உரிமையைக் காப்பதில் காட்டிய கடுமையை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

காட்சியில் பிறந்த பாத்திரமும் செயலில் பிறந்த பாத்திரமும்

1928 நவம்பரில் வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தில் மிக்கியின் சிறப்பு, அசைவும் ஒலியும் இயைந்து செல்வதில் இருந்தது. அப்படத்தில் கதை மெல்லியது. குறும்புச் செயல்களின் தொகுப்பே மிகுதி. ஆகவே மிக்கியும் செயலில் பிறந்தவரே என்று மறுப்பு எழலாம். அம்மறுப்பு ஓரளவே பொருந்தும். மிக்கி செய்யும் செயல்கள் யாவும் காண்போர்முன் நிகழ்த்தப்படுபவை. காண்போர் சிரிக்கலாம், வியக்கலாம். மிக்கியின் கையை அவர்களால் அசைக்க இயலாது. 1937இல் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ முழுநீளப் படத்துக்குப் பின் இந்நிலை உறுதிப்பட்டது. பாத்திரத்தின் மனநிலை, இழப்பு, மீட்சி ஆகியவற்றைக் காண்போர் உணர்ந்து உருகுவதே டிஸ்னிக் கலையின் மையமாயிற்று.

மரியோவின் தோற்றம் வேறு வகையானது. அக்காலத் திரையில் ஒரு பாத்திரத்துக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. தலைமுடியை வரைவது கடினமாதலால் தொப்பி வந்தது. மூக்கும் முகமும் தெளிவாகத் தெரிய மீசை வந்தது. ஓடும்போது கைகளின் அசைவு தனித்துத் தோன்ற வேண்டியே இருநிற ஆடை வந்தது. உளவியலோ வரலாறோ இவ்வுருவத்தைத் தீர்மானிக்கவில்லை. ஆடுவோர் தம் பாத்திரத்தைத் திரையில் தெளிவாக அடையாளம் காணவேண்டும் என்னும் தேவையே அதைத் தீர்மானித்தது. முதற்காலத்தில் அப்பாத்திரத்துக்கு வழங்கிய பெயரும் ‘ஜம்ப்மேன்’ என்பதே; குதிப்பவன் என்பது அதன் பொருள். தமிழில் கூறுவதாயின் அது வினையாலணையும் பெயர். செய்யும் வினையே அவனுக்குப் பெயராயிற்று.

1985இல் வெளியான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதற்பகுதி இதற்குச் சான்று. திரையின் இடப்புறத்தில் மரியோ நிற்கிறான். வலப்புறம் வெற்றிடமாக விரிகிறது. அவ்வமைப்பே செல்லவேண்டிய திசையை உணர்த்திவிடுகிறது. சிறிது நகர்ந்ததும் ஒரு பகை உயிரி எதிர்ப்படுகிறது. அதைத் தாண்டாதவர் மடிகிறார், மீண்டும் தொடங்குகிறார், இம்முறை குதிக்கிறார். ஒரு சொல் விளக்கமும் இன்றி விதி கற்பிக்கப்படுகிறது. தோல்வி இங்கு ஆசிரியன். திரைப்படத்தில் தலைவன் தோற்பது கதையின் ஒரு கட்டம். விளையாட்டில் தோற்பவர் ஆடுவோர். அத்தோல்வியைத் தம் திறனால் கடக்கும்போது பிறக்கும் உவகையைப் பிறர் செயலைக் கண்டு அடைய இயலாது.

பொருள்கோடலிலும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. 1986இல் வெளியான ‘மெட்ராய்ட்’ விளையாட்டில் கவசம் பூண்ட வீரராகத் தோன்றும் சாமஸ் ஒரு பெண் என்னும் உண்மை, ஆட்டத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிப்போருக்கே இறுதியில் காட்டப்படும். பொருள் இங்கு ஆடுவோரின் திறனுக்குக் கட்டுப்பட்டது. ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மன் மேட்டலார்ட்டும் 1971இல் சிலி நாட்டில் டொனால்டு டக் சித்திரக்கதைகளை ஆராய்ந்து, அவற்றில் புதைந்துள்ள கருத்தியலை வெளிக்கொணர்ந்தனர். அம்முறையை நிண்டெண்டோவுக்கு நேராகப் பொருத்தினால் கிடைப்பது மிகக் குறைவு. கதை மெலிந்திருப்பதே காரணம். கருத்தியலை இங்கு விதிகளில் தேடவேண்டும். எடுத்துக்காட்டாக, 1985 விளையாட்டில் இளவரசி மீட்கப்பட வேண்டியவள். ஆடுவோர் அவளாக ஆட இயலாது. அமெரிக்காவில் 1988இல் வெளியான ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ விளையாட்டில் அவள் தேர்ந்தெடுக்கத்தக்க பாத்திரமாகி, காற்றில் சிறிது நேரம் மிதக்கும் தனித்திறனும் பெறுகிறாள். பெண் பாத்திரத்தின் நிலை மாறியதைக் கதை உரைக்கவில்லை. யாராக ஆடலாம் என்னும் விதி உரைக்கிறது.

வளர்ச்சியின் இருவழிகள்

டிஸ்னி நிறுவனம் 1957இல் தன் தொழில் அமைப்பை ஒரு வரைபடமாகத் தீட்டியது. அதன் நடுவில் திரைப்படம் இருந்தது. தொலைக்காட்சி, இசை, சித்திரக்கதை, விற்பனைப் பொருள்கள், 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் பூங்கா ஆகியன அதனைச் சூழ்ந்து, ஒன்றையொன்று ஊட்டும் அம்புக்குறிகளால் இணைக்கப்பட்டிருந்தன. காண்போர் உள்ளத்தில் ஒருமுறை பதிந்த பாத்திரம் எப்பொருளிலும் ஏறி அமரும் என்பதே அவ்வரைபடத்தின் அடிக்கருத்து. இத்தகைய அமைப்பு நிலைக்கப் புதிய கதைகள் தொடர்ந்து தேவைப்பட்டன. 2006இல் பிக்ஸார், 2009இல் மார்வெல், 2012இல் லூகாஸ்ஃபிலிம் ஆகியவற்றை டிஸ்னி வாங்கியதை இத்தேவையின் வெளிப்பாடாகக் கொள்ளலாம். 2019இல் 7,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட விலையில் ‘ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸ்’ நிறுவனத்தின் பெரும்பகுதியையும் அது தன்வயமாக்கியது. கதைகளின் களஞ்சியத்தை விலைகொடுத்து விரிப்பது டிஸ்னியின் வழி.

நிண்டெண்டோவின் வளர்ச்சி கருவியும் ஆட்டமும் ஒருங்கே பிறக்கும் இடத்தில் நிகழ்ந்தது. அங்குப் பணியாற்றிய குன்பெய் யோகோய், பழகித் தேய்ந்து விலை மலிந்த தொழில்நுட்பத்தை எதிர்பாராத பயனுக்குத் திருப்புவதே புதுமை என்னும் கொள்கை உடையவர். கணக்குக் கருவிகளால் மலிந்துபோன திரவப்படிகத் திரை 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் கையடக்க விளையாட்டாயிற்று. 1989இல் வெளியான ‘கேம் பாய்’ கருவியின் திரையில் வண்ணம் இல்லை; போட்டிக் கருவிகளில் வண்ணம் இருந்தும், குறைந்த விலையும் நெடுநேரம் உழைக்கும் மின்கலமும் கேம் பாயை வெல்லச் செய்தன. 2006இல் வந்த ‘வீ’ கருவி கணிப்பு வலிமையில் போட்டியாளர்களுக்குப் பின்தங்கியிருந்தது. எனினும் கையின் வீச்சையே ஆட்டமாக்கியமையால் 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் வழித்தோன்றலான ‘வீ யூ’ 2012இல் அதே மரியோவைத் தாங்கி வந்தும் ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் அளவிலேயே நின்றுவிட்டது. பாத்திரப் புகழ் மட்டும் போதுமெனின் இத்தோல்வி நேர்ந்திராது. நிண்டெண்டோவின் மூலதனம் பாத்திரத்தில் மட்டும் இல்லை. புதிய செயலைக் கண்டடைவதிலும் உள்ளது.

மறுதலையாக நோக்கினும் இதே முடிவு கிடைக்கிறது. டிஸ்னி பாத்திரங்களைக் கொண்ட விளையாட்டுகளுள் நெடுநாள் நினைக்கப்படுவன பல, பிற நிறுவனங்கள் ஆக்கியவை. 1989இல் கேப்காம் நிறுவனம் நிண்டெண்டோ கருவிக்காக ஆக்கிய ‘டக்டேல்ஸ்’ இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அதன் கதை அன்று. ஸ்க்ரூஜ் மாமா தம் ஊன்றுகோலை ஊன்றித் துள்ளும் செயலே காரணம். டிஸ்னி தானே பெரும்பொருட்செலவில் 2013இல் தொடங்கிய ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’ 2016இல் கைவிடப்பட்டது. விளையாட்டுகளைத் தானே வெளியிடும் முயற்சியிலிருந்தும் அந்நிறுவனம் அப்போது விலகிப் பிறருக்கு உரிமம் வழங்கும் நிலைக்குத் திரும்பியது. உலகறிந்த பாத்திரங்களின் பெருந்திரள் கையிலிருந்தும் ஆட்டம் தானாக வாய்த்துவிடவில்லை.

ஊடகம் கடக்கும் பாத்திரம்

இவ்வேறுபாடு இன்று நெகிழ்ந்து வருகிறது என்பதும் கருதத்தக்கது. மரியோவைத் திரைக்குக் கொணர்ந்த 1993ஆம் ஆண்டின் நடிகர் திரைப்படம் டிஸ்னியின் கிளையான ஹாலிவுட் பிக்சர்ஸ் பெயரில் வெளியாகித் தோல்வியுற்றது. அதன்பின் நெடுங்காலம் நிண்டெண்டோ அத்தகைய பெருமுயற்சியில் இறங்கவில்லை. 2021இல் ஒசாகாவின் யுனிவர்சல் பூங்காவில் ‘சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்ட்’ திறக்கப்பட்டது. 2023இல் இல்லுமினேஷன் நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய அசைவூட்டப் படம் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நிண்டெண்டோ டிஸ்னி ஆகிவிட்டது என்னும் கூற்றுக்கு இவ்விரண்டும் வலிமை சேர்த்தன.

பூங்காவின் அமைப்பு இக்கூற்றை முழுதும் ஏற்க இடந்தரவில்லை. அங்கு வருவோர் கையில் ஒரு பட்டையை அணிந்து, சுவரிலுள்ள கேள்விக்குறிக் கட்டைகளைத் தம் முட்டியால் இடித்து நாணயம் சேர்க்கின்றனர். ஒருவர் சேர்த்த எண்ணிக்கை மற்றவருடையதிலிருந்து வேறுபடுகிறது. காட்சிக்கூடத்துக்குள்ளும் ஆட்டத்தின் எச்சம் நுழைக்கப்பட்டுள்ளது.

திரைப்படத்தில் அதற்கு வழியில்லை. தடைகள் நிறைந்த பயிற்சிப் பாதையில் மரியோ மீண்டும் மீண்டும் விழுந்து எழும் காட்சி அப்படத்தில் இடம்பெறுகிறது. விளையாட்டின் உயிர்நிலையை ஆக்கியோர் அறிந்தே அதை அமைத்துள்ளனர் என்று கருத இடமுண்டு. ஆயினும் அங்கு விழுபவன் மரியோ மட்டுமே. அரங்கில் அமர்ந்திருக்கும் சிறுவன் விழுவதில்லை. ஆகவே எழுவதும் இல்லை. தன் தோல்வியாக இருந்தது பிறன் தோல்வியைப் பற்றிய சித்திரிப்பாக மாறிவிடுகிறது. அப்படம் அடைந்த வெற்றி, முன்பே ஆடியவர்களின் நினைவைப் பெரிதும் சார்ந்தது. ஆட்டம் சேர்த்துவைத்த செல்வத்தைக் காட்சி செலவிடுகிறது. அதைத் திரும்ப நிரப்பும் ஆற்றல் காட்சிக்கு உண்டா என்பதே இங்கு எழும் வினா.

நிலைபேறும் மறைவும்

இவ்வேறுபாட்டின் மிகக் கடுமையான விளைவு பழைய படைப்புகளின் நிலையில் தெரிகிறது. ‘ஸ்னோ ஒயிட்’ 1944 முதல் பலமுறை திரையரங்குகளில் மறுவெளியீடு கண்டது. படச்சுருள், ஒளிநாடா, குறுவட்டு, இணையம் எனத் தாங்கும் பொருள் மாறினும் காண்போருக்கும் படத்துக்கும் உள்ள உறவு பெரிதும் மாறவில்லை. படத்தைச் சிலகாலம் விற்பனையிலிருந்து விலக்கிவைத்து ஆவலைப் பெருக்குவதும் டிஸ்னியின் வழக்கமாக இருந்தது. 1998இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை நீட்டித்தபின்னும், 2024 சனவரி 1 அன்று ‘ஸ்டீம்போட் வில்லி’ அந்நாட்டில் பொதுவுரிமை பெற்றது. இன்று எவரும் அதைப் படியெடுத்துப் பார்க்கலாம். பார்க்க ஒரு திரை போதும்.

விளையாட்டு தன் கருவியோடு பிணைந்தது. பிடிக்கும் பொறியின் எடை, பொத்தானின் அழுத்தம், திரையின் மறுமொழி வேகம் ஆகியவை ஆட்டத்தின் புறக்கூறுகள் அல்ல. ஆட்டமே அவற்றால் ஆனது. ‘த்ரீ டி எஸ்’, ‘வீ யூ’ ஆகிய கருவிகளுக்கான இணைய விற்பனைக்கூடத்தை நிண்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியபோது, அங்கு மட்டுமே கிடைத்த ஆட்டங்களைப் புதிதாக வாங்கும் வழி அடைபட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று வணிக வழியில் கிடைப்பதில்லை என்று காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மரியோவின் 35ஆம் ஆண்டையொட்டி 2020 செப்டம்பரில் வெளியிடப்பட்ட மூன்று பழைய ஆட்டங்களின் தொகுப்பு, 2021 மார்ச்சு இறுதியோடு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. டிஸ்னியிடமிருந்து நிண்டெண்டோ கற்றுக்கொள்ளத் தேவையற்றது ஒன்று உண்டெனின், அது பண்பாட்டு நினைவைப் பூட்டிவைத்துத் திறக்கும் இவ்வழக்கமே. பூட்டைத் திறக்கும் நாளில் திரைப்படம் அப்படியே மீள்கிறது. ஆட்டமோ தன் கருவியை இழந்திருக்கக்கூடும்.

2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்காகக் கோஜி கொண்டோ அமைத்த இசை சேர்க்கப்பட்டது. காணொளி விளையாட்டிசைக்கு அப்பட்டியலில் கிடைத்த முதல் இடம் அது. பெருமைக்குரிய இச்செய்தி ஒரு குறையையும் சுட்டுகிறது. கேட்கத்தக்க பகுதி ஒலிப்பதிவாக ஏற்கப்பட்டது. ஆடத்தக்க பகுதியை அத்தகைய பட்டியலில் அடக்க இயலவில்லை. 2024 அக்டோபரில் நிண்டெண்டோ தன் பழைய சீட்டுத் தொழிற்சாலை ஒன்றை, கியோட்டோ மாவட்டத்தின் உஜி நகரில், அருங்காட்சியகமாக்கித் திறந்தது. கருவிகள் கண்ணாடிக்குள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. சிலவற்றை ஆடிப்பார்க்கவும் இடமுண்டு. ஆடுவதற்கென ஆக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காணும் நிலை, இக்கட்டுரை சுட்டும் முரணுக்குப் பருப்பொருள் வடிவமாக நிற்கிறது.

முடிவுரை

நிண்டெண்டோவையும் டிஸ்னியையும் இணைப்பவை மெய்யானவை. ஒன்றன் உருவம் மற்றொன்றன் சீட்டில் அச்சேறிய 1959 முதல் அவற்றின் வரலாறுகள் பலமுறை குறுக்கிட்டுள்ளன. பிறருடைய பாத்திரத்தை அடைய இயலாமையில் பிறந்த இரு பாத்திரங்கள், குடும்பத்தை நோக்கிய இரு வணிகங்கள், உரிமையில் இறுக்கம் காட்டும் இரு நிறுவனங்கள் என்னும் அளவில் ஒப்பீடு பொருந்துகிறது.

அதற்கு அப்பால் அது பிழைபடுகிறது. டிஸ்னியின் மகிழ்ச்சி காண்போருக்கு வழங்கப்படுவது. நிண்டெண்டோவின் மகிழ்ச்சி ஆடுவோரால் ஈட்டப்படுவது. முன்னது கதைகளைச் சேர்த்து வளர்ந்தது. பின்னது செயல்களைக் கண்டடைந்து வளர்ந்தது. ஒப்பீட்டை அளவின்றி ஏற்றால் ஆடுவோர் பார்வையாளராகவும் நுகர்வோராகவும் மட்டுமே எண்ணப்படுவர்; அவர்தம் தோல்வியும் கற்றலும் திறனும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். காணொளி விளையாட்டைக் கதை, உருவம், வருவாய் ஆகியவற்றால் மட்டும் மதிப்பிடும் ஆய்வுகள் இவ்விழப்புக்குத் துணைபோகின்றன. விதிகளையும் கருவிகளையும் ஆடுவோரின் அனுபவத்தையும் பனுவலின் பகுதிகளாகக் கொண்டு ஆராய்வது இத்துறையின் உடனடித் தேவை. கருவிகள் பழுதாவதற்குமுன், ஆடியவர்களின் நினைவு மங்குவதற்குமுன் அதைச் செய்தல் வேண்டும். மரியோவின் உருவத்தை உலகம் மறக்கப்போவதில்லை. அவனைக் குதிக்கவைத்த விரல்களின் அறிவே பதிவின்றி மறையும் நிலையில் உள்ளது.